தெக்கத்திக் காலுக்குப் பந்து தெரியாதா?

சென்னையின் எஃப்சியும் கேரளா பிளாஸ்டர்ஸும் மோதும் நாள் நெருங்கினால் ராஜபாளையத்து அண்ணாச்சி ஒருவர் தன் பழைய வாதத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தவரை யாரும் பெரிதாக மறுத்ததில்லை. இந்த முறை அதை நாலு பக்கத்துக்கு எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆட்டம் பார்க்கக் கூடுகிற பையன்கள் கையில் கொடுத்திருக்கிறார். பேச்சு காற்றோடு போகும். எழுத்து பையன்களின் புத்தகப் பைக்குள் போய்விட்டது. அதனால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் பெயர் இங்கே வேண்டாம். சண்டை அவர் வாதத்தோடுதான்.

அவர் சொல்வது இவ்வளவுதான். மதுரைக்குத் தெற்கே இருப்பவன் சென்னையின் ரசிகனாக இருப்பதில் அர்த்தமே இல்லை. சென்னை தூரம், கொச்சி கிட்டம். சென்னையின் ஒரு மும்பை நடிகரின் கிளப். அதற்குக் கூட்டம் சேராது. பிளாஸ்டர்ஸைக் கண்டால் அது நடுங்கும். கடைசியாக, தமிழ்நாட்டில், அதிலும் தெக்கத்திச் சீமையில், கால்பந்து என்று ஒன்று கிடையவே கிடையாது. பந்து மலைக்கு அந்தப் பக்கத்துச் சொத்து. நாம் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

முதல் நான்கும் தவறு. ஐந்தாவது அவதூறு. நான்கையும் சீக்கிரம் முடித்துவிட்டு ஐந்தாவதுக்கு வருகிறேன்.

தூரத்தை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்களுக்குச் சென்னையைவிடக் கொச்சி கிட்டம் என்பது உண்மை. கொல்லத்தில் கிளம்பி புனலூர், ஆரியங்காவு, செங்கோட்டை, தென்காசி வழியாக நம் இரண்டு ஊர்களையும் தொட்டுக்கொண்டு திருமங்கலம் போய்ச் சேர்கிறது 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. மதுரை–குருவாயூர் எக்ஸ்பிரஸில் ஏறினால் வண்டி மாறாமல் எர்ணாகுளத்தில் இறங்கலாம். சென்னைக்குப் பொதிகையில் ஓர் இரவு முழுக்கக் கிடக்க வேண்டும். இதெல்லாம் பயணம் போகிறவனுக்குப் பயன்படும் தகவல். எந்த அணிக்காக நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டும் என்று கிலோமீட்டர் கல் சொல்லாது. இதே அண்ணாச்சி இங்கிலாந்து லீக் ஆட்டத்துக்கு நள்ளிரவு தாண்டிக் கண்விழிப்பவர். அங்கே ஒரு கிளப் தோற்றால் மறுநாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அந்த ஊர் ராஜபாளையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று அவர் ஒருநாளும் அளந்ததில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையனுக்கு மட்டும் அளவுகோலை எடுக்கிறார்.

அடுத்து, முதலாளி. சென்னையின் கிளப்பில் அபிஷேக் பச்சன் இருக்கிறார், மகேந்திர சிங் தோனி இருக்கிறார், வீடா டானி இருக்கிறார். மறைக்க ஒன்றுமில்லை. பிளாஸ்டர்ஸின் கதை என்ன? 2014-இல் அந்தக் கிளப்பைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் சச்சின் டெண்டுல்கர். கிளப்பின் பெயரே அவருடைய பட்டப்பெயரிலிருந்து வந்தது. 2016-இல் அவரோடு கைகோத்தவர்கள் ஹைதராபாத்துத் தொழிலதிபர் நிம்மகட்டா பிரசாத், நடிகர்கள் சிரஞ்சீவி, நாகார்ஜுனா, தயாரிப்பாளர் அல்லு அரவிந்த். 2018-இல் சச்சின் தன் பங்கை விட்டுவிட்டுப் போனார். இவர்களில் மலையாளி யார்? நடிகர் முதலாளியாக இருப்பது சென்னையில் இழுக்கு, கொச்சியில் பெருமை என்று ஒருவர் எழுதினால், அவர் முதலாளியைப் பற்றிக் கவலைப்படவில்லை, நம்மைக் குத்த ஒரு கம்பு தேடியிருக்கிறார் என்றுதான் பொருள். இரண்டு அணிகளும் ஆடும் ஐஎஸ்எல் லீக் தொடங்கிய காலத்திலேயே பணமும் பிரபலமும் உள்ளவர்களிடம் நகரங்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். இந்த விஷயத்தில் எந்த நகரமும் இன்னொரு நகரத்தைப் பார்த்து விரல் நீட்ட முடியாது.

கூட்டம் என்ற வாதத்தில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் தரை இருக்கிறது. கலூர் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் மஞ்சளாக நிறைந்து நிற்பதைப் பார்த்தவன் எவனும் அதை மறுக்க மாட்டான். இந்தியாவில் ஒரு கிளப்புக்காகக் கூடும் மிகப் பெரிய கூட்டங்களில் அது ஒன்று. சென்னையில் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் காலி நாற்காலிகள் தெரிவதும் உண்மை. பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர் மச்சான்ஸ் என்ற ரசிகர் குழுக்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாத நாட்கள் உண்டு. அது சென்னை நிர்வாகமும் ரசிகர்களும் சேர்ந்து தீர்க்க வேண்டிய குறை.

ஆனால் அண்ணாச்சி அந்தக் கூட்டத்தை எதற்குப் பயன்படுத்துகிறார் என்று பாருங்கள். ராஜபாளையத்தில் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு, கலூரில் மழையில் நனைந்தபடி நிற்கிறவனின் உழைப்பைத் தன் பெயரில் எழுதிக்கொள்கிறார். அந்தக் கூட்டத்தின் உயிரான ரசிகர் அமைப்பு மஞ்சப்படாவே 2024 டிசம்பரில் என்ன செய்தது? அணி சரிந்துகொண்டிருந்தது, பயிற்சியாளர் மிக்கேல் ஸ்டாரே நீக்கப்பட்டார். அப்போது மஞ்சப்படா தன் கிளப் நிர்வாகத்தை நேருக்கு நேர் எதிர்த்தது. இனி டிக்கெட் வாங்கவும் மாட்டோம், விற்கவும் மாட்டோம் என்று அறிவித்தது. தன் கிளப்பை நேசிப்பவன் அதைக் கேள்வி கேட்கும் உரிமையையும் கையில் வைத்திருக்கிறான். அண்ணாச்சியின் நாலு பக்கத்தில் பிளாஸ்டர்ஸ் நிர்வாகத்தைப் பற்றி ஒரு சொல் குறை இல்லை. உண்மையான மஞ்சப்படாக்காரன் இவரைத் தன் ஆள் என்று ஒப்புக்கொள்வானா என்பதே எனக்குச் சந்தேகம்.

கூட்டம் இல்லாத கிளப்புக்கு வரலாறும் இல்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். 2015 நவம்பர், டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. வீடுகள் போயின, உயிர்கள் போயின. அந்த சீசனின் நடுவில் பட்டியலின் அடியில் கிடந்த சென்னையின், கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. சொந்த ஊரில் அரையிறுதி ஆட முடியவில்லை. ஆட்டத்தைப் புனேயில் உள்ள பாலேவாடிக்கு மாற்றினார்கள். அங்கே அத்லெட்டிகோ டி கொல்கத்தாவை 3-0 என்று வென்றது. டிசம்பர் 20 அன்று ஃபட்டோர்டாவில் இறுதிப் போட்டி. கோவா தன் சொந்த மண்ணில், தன் ரசிகர்கள் நடுவில் ஆடியது. தொண்ணூறாவது நிமிடம் வரை சென்னையின் 1-2 என்று பின்தங்கியிருந்தது. கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் கையில் பட்டுப் பந்து உள்ளே போக, இரண்டும் சமம். அடுத்த நிமிடங்களில் மெண்டோசா அடித்தார், 3-2. வீடிழந்து பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்தவர்களின் நகரத்துக்கு அந்த இரவில் ஒரு கோப்பை வந்தது. அன்று சென்னையில் கூட்டம் இல்லைதான். ஸ்டேடியத்தில் உட்கார ஊரே இல்லை. அந்த வரியை எழுதிய கை கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

நாலாவது, நடுக்கம். ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்: 2021-22-இல் இரண்டு ஆட்டத்திலும் பிளாஸ்டர்ஸ் 3-0. 2024-25-இல் கொச்சியில் 3-0, சென்னையிலேயே 3-1. நான்கும் நடந்தவைதான். கடைசி ஆட்டத்தில், சொந்த மைதானத்தில், இடைக்காலப் பயிற்சியாளர் நடத்திய அணியிடம் தோற்றது இன்றும் வயிறெரிகிறது. அந்த சீசனில் சென்னையின் பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்தது. இதில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை.

பட்டியலில் விட்டுப்போனவற்றைச் சொல்கிறேன். 2020 பிப்ரவரி 1, அதே கலூர். சென்னையின் ஆறு, பிளாஸ்டர்ஸ் மூன்று. கிரிவெல்லாரோ இரண்டு, வால்ஸ்கிஸ் இரண்டு, சாங்தே இரண்டு. ஓக்பெச்சே தனியாளாக மூன்று கோல் அடித்தும் பிளாஸ்டர்ஸைக் காப்பாற்ற முடியவில்லை. நடுங்குகிற அணி எதிரியின் கூடாரத்துக்குள் போய் ஆறு கோல் அடிக்காது. அதற்கு ஆறு வாரம் முன்னால் சென்னையில் 3-1. 2023 நவம்பரில் கொச்சியில் 3-3. 2024 பிப்ரவரியில் சென்னையில் 1-0. தனக்கு வேண்டிய நான்கை மட்டும் பொறுக்கி, மற்றதை ஒளித்து, பதினைந்து வயதுப் பையன்களிடம் இதுதான் மொத்தக் கணக்கு என்று நீட்டுவது ரசிகனின் ஆர்வக்கோளாறு என்று விட்டுவிடக் கூடியதல்ல. அது ஏமாற்று.

இந்த இரண்டு அணிகளின் பகையில் எனக்குப் பிடித்த ஆட்டம் நாங்கள் தோற்ற ஆட்டம். 2014, முதல் சீசன். லீக் சுற்றில் முதலிடம் பிடித்த சென்னையின் அரையிறுதிக்காகக் கொச்சிக்குப் போய் 0-3 என்று நொறுங்கியது. சுஷாந்த் மேத்யூ தூரத்திலிருந்து அடித்த அந்த மூன்றாவது கோல் இன்றும் கண்ணில் நிற்கிறது. மூன்று நாள் கழித்துச் சென்னையில் மறு ஆட்டம். முடிந்த கதை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சில்வெஸ்டர் ஒன்று அடித்தார். ஜிங்கன் தன் வலைக்குள்ளேயே ஒன்று தள்ளினார். தொண்ணூறாவது நிமிடத்தில் ஜெஜே மூன்றாவதை அடித்தபோது மொத்தக் கணக்கு 3-3. எக்ஸ்ட்ரா டைம் முடிய மூன்றே நிமிடம் இருக்கையில் ஸ்டீபன் பியர்சன் பிளாஸ்டர்ஸுக்காக ஒன்று அடித்து எல்லாவற்றையும் முடித்துவிட்டார். அன்று இரண்டு அணியும் மைதானத்தில் விழுந்து கிடந்தன. இந்தப் பகை பெரிய பகை ஆனது அந்த இரவில்தான். இதை ஒரு பக்கம் எப்போதும் நடுங்கும், மறு பக்கம் எப்போதும் மிதிக்கும் என்று சுருக்கிச் சொல்பவர் அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் மரியாதை கொடுக்கவில்லை.

என் பக்கத்து ஆட்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணாச்சிக்குப் பதிலாக நம் பையன்கள் எடுக்கும் ஆயுதங்கள் இரண்டு. ஒன்று, பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2022 என மூன்று இறுதிப் போட்டியில் தோற்றதைச் சொல்லிக் கேலி செய்வது. அதில் இரண்டு பெனால்டியில் போனது. 2016-இல் சொந்த ஊரில், சொந்த ஜனம் பார்க்க. அதைக் கேலி செய்கிறவனுக்குக் கால்பந்தின் வலி தெரியாது. இரண்டு, முல்லைப் பெரியாறு. ஆட்டத்தில் அணையை இழுத்து, மலையாளிகள் எல்லோரையும் வசைபாடுவது. பதினோரு பேர் பதினோரு பேரோடு ஆடும் ஆட்டத்துக்கும் தண்ணீர்ப் பங்கீட்டுக்கும் என்ன சம்பந்தம்? நம் மில்களில் நெய்த துணியும் நம் ஊர்க் காய்கறியும் தினமும் செங்கோட்டை தாண்டிப் போகின்றன. அங்கிருந்து ரப்பரும் மிளகும் வருகின்றன. இந்த மலை நம்மைப் பிரித்து வைத்த மலை அல்ல. அணையைப் பற்றி மைதானத்தில் கூச்சல் போடுகிறவர்கள் அண்ணாச்சியின் வாதத்துக்குத் தாங்களே எண்ணெய் ஊற்றுகிறார்கள்.

இனி ஐந்தாவது.

தமிழனுக்குக் கால்பந்து வராது, தெக்கத்தியானுக்கு அறவே வராது, கேரளம்தான் பந்தின் தாய்வீடு என்கிறார் அண்ணாச்சி. கேரளம் பெரிய கால்பந்து மண் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. மலப்புறத்து செவன்ஸ் மைதானங்கள், 1990, 91-இல் அடுத்தடுத்து ஃபெடரேஷன் கோப்பை வென்ற கேரளா போலீஸ், ஐ.எம். விஜயன் என்று அந்த மண்ணைப் பற்றி நாள் முழுக்கப் பேசலாம். ஏழு முறை சந்தோஷ் கோப்பை வென்ற மாநிலம் அது. அந்த ஏழில் முதலாவது, 1973 டிசம்பர், எர்ணாகுளம். ரயில்வே அணியை 3-2 என்று வீழ்த்தினார்கள். மூன்று கோலும் கேப்டன் மணியின் கோல்கள். கேரளத்தில் இன்றும் ஐம்பது வருடக் கதையாகச் சொல்லப்படும் வெற்றி.

அந்தக் கேரள அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் யார் தெரியுமா, அண்ணாச்சி? சைமன் சுந்தரராஜ். தமிழர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக இந்தியாவுக்காகக் கோல் அடித்தவர். அதற்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்குக்கே போகவில்லை. ஆகவே ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல் இன்றுவரை ஒரு தமிழனின் காலில் இருந்து வந்த கோல். அவர்தான் கேரளத்துக்கு அதன் முதல் சந்தோஷ் கோப்பையை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர். கேரளத்துப் பழைய ரசிகர்களுக்கு இது தெரியும், அவர்கள் அந்தப் பெயரை மரியாதையோடு சொல்வார்கள். மலைக்கு இந்தப் பக்கம் பந்தே கிடையாது என்று எழுதும் ராஜபாளையத்துக்காரருக்குத்தான் தெரியவில்லை.

சரி, பழைய கதை என்று தள்ளுவார். புதிய கதைக்கு வருவோம். இந்தியாவில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கிளப்புகள் மோதிய மூன்று பெரிய தேசியப் பட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: ஐஎஸ்எல், ஐ-லீக், இந்திய மகளிர் லீக். மூன்றிலும் கேரளக் கிளப்புக்கு முன்னால் தமிழ்நாட்டுக் கிளப் கோப்பையைத் தொட்டிருக்கிறது. ஐஎஸ்எல்லில் சென்னையின் 2015-இலும் 2018-இலும். ஐ-லீக்கில் சென்னை சிட்டி, 2019 மார்ச் 9, கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்காலைப் பின்தள்ளியது. கோகுலம் கேரளா அதே பட்டத்தை வென்றது 2021-இல். அதற்கடுத்த வருடமும் வென்றார்கள், பாராட்டுகள். கோப்பையை எண்ணிப் பெருமையடிக்க இதைச் சொல்லவில்லை. சற்று முன்புதான் அந்தக் கேலியைக் கண்டித்தேன். இல்லவே இல்லை என்றவருக்கு இருக்கிறது என்று காட்ட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அண்ணாச்சியின் பொய் அங்கேதான் முழுதாக உடைகிறது. இந்திய மகளிர் லீக், 2019 மே, லூதியானா. இறுதிப் போட்டியில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வீழ்த்தி இந்தியாவின் சாம்பியன் ஆனது சேது எஃப்சி. மதுரையின் பெயரோடு அறியப்பட்டாலும் அந்தக் கிளப் வேர்விட்டு வளர்ந்தது காரியாபட்டி வட்டத்தில் இருக்கும் பொறியியல் கல்லூரியைச் சார்ந்து. காரியாபட்டி மதுரைக்குத் தெற்கே, அருப்புக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது. விருதுநகர் மாவட்டம். ராஜபாளையமும் விருதுநகர் மாவட்டம். ஸ்ரீவில்லிபுத்தூரும் விருதுநகர் மாவட்டம்.

நம் மாவட்டத்து மண்ணில் பயிற்சி எடுத்த பெண்கள், இந்தியக் கால்பந்தின் பெரிய கோட்டையான மணிப்பூரிலிருந்து வந்த அணியைத் தோற்கடித்து நாட்டின் கோப்பையைத் தூக்கினார்கள். கேரளக் கிளப் ஒன்று அந்தக் கோப்பையை முதன்முறை வென்றது அடுத்த சீசனில். 2022 மே மாதத்தில் புவனேஸ்வரில், தோல்வியே காணாத இரண்டு அணிகளாகக் கோகுலமும் சேதுவும் கடைசி ஆட்டத்தில் மோதின. பட்டம் யாருக்கு என்று முடிவு செய்யும் ஆட்டம். கோகுலம் 3-1 என்று வென்றது. அன்று தோற்றது நம் பெண்கள்தான். ஆனால் இந்திய மகளிர் கால்பந்தின் உச்சியில் அன்று நின்ற இரண்டு அணிகளில் ஒன்று கோழிக்கோட்டு அணி, இன்னொன்று நம்முடையது. கேரளம்–தமிழ்நாடு என்று அண்ணாச்சி பெரிய பகையைப் பேசுகிறாரே, அதன் உண்மையான மேடை அதுதான். அதைப் பற்றி அவருடைய நாலு பக்கத்தில் ஒரு எழுத்துகூட இல்லை.

ஏன் இல்லை? அவருக்குத் தெரியாது என்றால், பக்கத்து வட்டத்தில் நடப்பது தெரியாமல் ஒரு சீமைக்கே கால்பந்து இல்லை என்று தீர்ப்பு எழுதியிருக்கிறார். தெரிந்தும் விட்டார் என்றால், பெண்கள் ஆடுவதை ஆட்டமாகவே அவர் எண்ணவில்லை. இரண்டில் எது என்று அவரே சொல்லட்டும். இரண்டுமே அவருக்குக் கௌரவம் தராது.

சேது ஒரு தனி மரமும் அல்ல. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனது. மணிப்பூர் பல முறை வென்றிருந்த கோப்பை அது. 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும் சாம்பியன். ஆண்கள் பக்கம், தமிழ்நாடு 2012-இல் சந்தோஷ் கோப்பை இறுதிப் போட்டி வரை போய் சர்வீசஸிடம் நூலிழையில் தோற்றது. சென்னையின் 2018-இல் வென்ற கோப்பைக்குப் பின்னால் வியாசர்பாடியின் தன்பால் கணேஷ் இருக்கிறார். கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் அவர் அடித்த கோலை மறந்துவிட்டுச் சென்னையின் அணியில் தமிழன் இல்லை என்று சொல்ல முடியாது. நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அடித்த ஒற்றைக் கோலால், நாலரை ஆண்டுகளாக அந்த டெர்பியில் வெற்றியே காணாத ஈஸ்ட் பெங்கால் தலைநிமிர்ந்தது. கொல்கத்தாவில் அந்தத் தமிழ்ப் பையனைத் தோளில் தூக்கினார்கள்.

தெக்கத்தியா? காரைக்குடிக்குப் பக்கத்தில் கண்டனூர். அங்கிருந்து போன சிவசக்தி நாராயணன் 2022-23 ஐஎஸ்எல்லில் வளரும் வீரருக்கான விருதை வாங்கினார். கன்னியாகுமரிக் கடற்கரையில் இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர். மீன்பிடி வலை காயும் மணலிலேயே பந்து உதைத்து வளர்ந்த ஊர்கள். மைக்கேல் சூசைராஜ் அங்கே இருந்து வந்தவர். அந்தக் கரையில் நடந்தால் கொஞ்ச தூரத்தில் கேரளத்துப் பொழியூர் வந்துவிடும். அங்கும் அதே மீனவப் பிள்ளைகள், அதே பந்து. எந்த மாநிலக் கால்பந்து எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று அந்த மணலில் அண்ணாச்சி கோடு போட்டுக் காட்டட்டும்.

நம் பக்கத்தில் குறை இல்லையா? நிறைய இருக்கிறது. ஐ-லீக் வென்ற சென்னை சிட்டி 2020-21-க்குப் பிறகு அந்த லீக்கில் பெயர்கூட இல்லாமல் போயிற்று. தேசிய சாம்பியனை இரண்டே ஆண்டில் தொலைத்த மாநிலம் இது. கிரிக்கெட்டுக்குத் திண்டுக்கல் நத்தத்திலும் திருநெல்வேலி சங்கர் நகரிலும் மைதானம் எழும்பியது. தென்மாவட்டத்தில் கால்பந்துக்கு அப்படி ஒரு மைதானத்தை யாரும் கட்டிக் கொடுக்கவில்லை. கோடையில் தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் கல்லை நட்டு கோல் போஸ்ட் ஆக்கி ஆடுகிற பையன்களை இந்தப் பக்கத்தில் எங்கும் பார்க்கலாம். மழை வந்தால் மைதானம் போய்விடும். பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். பந்து கிழிந்தால் அடுத்த பந்துக்கு வசூல் பண்ண வேண்டும். கேரளம் தன் பிள்ளைகளுக்குச் செய்து கொடுத்ததில் பாதியைக்கூட நாம் நம் பிள்ளைகளுக்குச் செய்யவில்லை. அண்ணாச்சி இதை எழுதியிருந்தால், கேரளத்தைப் பாருங்கள், அவர்கள் கட்டியது போல நாமும் கட்டுவோம் என்று எழுதியிருந்தால், நானே அந்த நாலு பக்கத்தைப் பிரதி எடுத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு வீடாகக் கொடுத்திருப்பேன்.

அவர் அப்படி எழுதவில்லை. வசதி இல்லாததை வக்கு இல்லாததாக மாற்றி எழுதினார். மைதானம் கொடுக்காதவர்களை விட்டுவிட்டு, மைதானம் இல்லாமலும் ஆடுகிறவர்களைப் பார்த்து உனக்கு வராது என்றார். இந்த வாதம் யாருக்கு உதவும் என்று அவர் யோசித்ததுண்டா? மகள் பந்து ஆடப் போகிறேன் என்று கேட்டால் மறுக்கக் காரணம் தேடும் தகப்பனுக்கு உதவும். கால்பந்துக்கு நிதி கேட்டு வரும் பி.டி. வாத்தியாரைத் திருப்பி அனுப்பும் அதிகாரிக்கு உதவும். நம் ஊரில் யாரய்யா ஆடுகிறார்கள் என்ற ஒற்றைக் கேள்வியில் ஃபைலை மூடிவிடுவார்கள். அந்தக் கேள்விக்கு அண்ணாச்சி எழுத்திலேயே சாட்சி கொடுத்திருக்கிறார், அதுவும் நம் ஊரிலிருந்து.

அவருடைய காகிதத்தை வாங்கிய பையன்களை எனக்குத் தெரியும். ஆட்டத்தன்று டிவி முன்னால் கத்துகிறவர்களில் பாதிப் பேர் சாயங்காலமானால் பந்தோடு ஓடுகிறவர்கள். அதில் ஒருவன் இடது காலால் அடிக்கும் ஃப்ரீ கிக்கை அண்ணாச்சி ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். நீலச் சட்டை போடுகிறவனும் இருக்கிறான், மஞ்சள் சட்டை போடுகிறவனும் இருக்கிறான். இருக்கட்டும். ராஜபாளையத்தில் பிறந்தவன் பிளாஸ்டர்ஸை நேசிப்பதில் என்ன குற்றம்? பயிற்சியாளர் வுகோமனோவிச் காலத்து அணி ஆடிய ஆட்டத்தைப் பார்த்து மஞ்சளுக்குப் போனவர்கள் உண்டு; நல்ல ஆட்டம் பார்த்து மயங்கினார்கள், அது கால்பந்தின் இயல்பு. ஆனால் உனக்குச் சொந்தமாக ஒன்றும் கிடையாது, அதனால் இதைப் போட்டுக்கொள் என்று சொல்லி மாட்டிவிடும் சட்டை எந்த நிறமாக இருந்தாலும் அது அவமானம்தான்.

ஆட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அண்ணாச்சி மஞ்சள் சட்டையிலேயே வரட்டும், முதல் வரிசையில் உட்காரட்டும். பிளாஸ்டர்ஸ் அடித்தால் எழுந்து கத்தட்டும். நாங்கள் அடித்தால் நாங்கள் கத்துவோம். தூரம், முதலாளி, கூட்டம், நடுக்கம் இந்த நாலையும் அங்கேயே எத்தனை முறை வேண்டுமானாலும் பேசலாம், நான் தயார். ஐந்தாவதை மட்டும், காகிதம் கொடுத்த ஒவ்வொரு பையனிடமும் அவரே போய்த் திரும்ப வாங்க வேண்டும். வாங்கும்போது காரியாபட்டி என்ற பெயரை அவர் வாயால் சொல்ல வேண்டும்.